பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்: தீர்ப்பு வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, அடுத்து என்ன?

ரவுண்டானா | 11 மார்ச் 2019, இரவு 9.40

சென்னை மவுண்ட் ரோடு மெட்ரோ திறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் நடந்தேன். இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இன்றுதான் எதிர் பிளாட்பாரத்தில் நின்று நிதானமாகப் பார்த்தேன்.

சிவப்புச் செங்கல், வளைவுகள், மேலே கூர்கூராகத் தூபிகள். அந்த அழகு இன்னும் போகவில்லை. ஆனால் சுவர் இடுக்கில் எல்லாம் மரம். செடியில்லை, மரம்.

1897-இல் கட்டிய கட்டடம் இது. ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது. டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனியின் ஷோரூமாக இருந்தது. முதலில் கார்டைல் பில்டிங் என்றுதான் பெயர். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, 1956-இல் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2010 ஏப்ரலில் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பும் வந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டடம் பிழைத்தது என்று நினைத்தேன். இன்று பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இடிக்காதே என்று சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, காப்பாற்று என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

---

மூர்மார்க்கெட் | 11 மார்ச் 2019, இரவு 10.25

தம்பி, உங்க பதிவைப் படிச்சிட்டுத் தூக்கம் வரலை.

எங்கப்பா அந்தக் கட்டடத்துல ஒரு சின்ன ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அறுபதுகள்ல ஸ்கூல் லீவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போவாரு. உள்ளே போனா சித்திரை வெயில் தெரியாது, அவ்வளவு உயரமான கூரை. மத்தியானம் ஆனா எல்லா ஆபீஸ்லயும் டிபன் கேரியர் திறக்குற சத்தம் கேக்கும். மேல் வராண்டாவுல நின்னா மவுண்ட் ரோடு முழுக்கத் தெரியும். எல்.ஐ.சி. மாடி அப்போ புதுசு, 1959-ல திறந்தது, நாட்டுலயே உயரமான கட்டடம்னு ஊரே பெருமைப்பட்டுச்சு. அப்பா சொல்வாரு: "அது உசரம்டா, இது லட்சணம்."

இந்தப் பேரை நான் வச்சுக்கிட்டதுக்கும் காரணம் இருக்கு. 1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ நான் நேர்ல பார்த்தவன். 1900-ல திறந்த மார்க்கெட். பழைய புஸ்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல், எல்லாம் அங்கதான். எரிஞ்ச சுவரை நிமிர்த்தணும்னு கேட்டவங்க இருந்தாங்க. நடக்கலை. இப்ப அந்த இடத்துல புறநகர் ரயில் நிலையம் இருக்கு. வாசல்ல மூர் மார்க்கெட்டோட சின்ன மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவை அதைக் கடந்து போறப்பவும் நெஞ்சு அடைக்கும்.

பாரத் இன்சூரன்ஸும் அப்படி ஒரு பொம்மையா ஆயிடக் கூடாது.

---

சிந்தாதிரி | 12 மார்ச் 2019, காலை 7.15

பெரியவர் மனதைப் புண்படுத்த எழுதவில்லை, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

வெள்ளைக்காரன் வெள்ளைக்காரர்களுக்கு மருந்து விற்கக் கட்டிய கடை அது. நான் சிந்தாதிரிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும் என்று 1730-களில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயக்காரர்களையும் கொண்டுவந்து குடிவைத்த ஊர். அந்தத் தறிக்காரர்களின் வீடு ஒன்றாவது நிற்கிறதா? திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போனபோது யார் கோர்ட்டுக்குப் போனார்கள்? கூவம் ஓரத்தில் குடிசைகளை எடுத்து மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டபோது, அது நூறு வருஷக் குடியிருப்பு என்று யாராவது சொன்னார்களா?

தூபி வைத்த கட்டடம் என்றால்தான் பாரம்பரியமா? மவுண்ட் ரோட்டில் அத்தனை பெரிய இடம். பாலிசிதாரர்களின் சொத்து அது. பாழாய்க் கிடப்பதைவிட, எடுத்துவிட்டு உபயோகமாக ஏதாவது கட்டலாமே.

---

ஏடும் எழுத்தும் | 12 மார்ச் 2019, மதியம் 1.05

சிந்தாதிரி அண்ணா, தறிக்காரர் வீடுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் கார்டைல் கட்டடத்தை வெறும் வெள்ளைக்காரர் கடை என்று விட முடியாது. அதன் இரண்டாம் பாதிக் கதை இந்த நாட்டின் கதை.

பாரத் இன்சூரன்ஸ் 1896-இல் லாகூரில் தொடங்கியது. லாலா ஹர்கிஷன் லால் ஆரம்பித்தார். அன்னியக் கம்பெனிகளிடம் போகிற பணம் நம்மிடம் இருக்கட்டும் என்ற எண்ணம் பரவிய காலம். அப்படிப்பட்ட ஒரு சுதேசிக் கம்பெனி, மவுண்ட் ரோட்டில் ஐரோப்பியக் கடைகளுக்கு நடுவே அந்த மாளிகையை விலைக்கு வாங்கித் தன் பெயரைப் போட்டது. பிறகு கம்பெனி தொழிலதிபர் டால்மியா கைக்குப் போயிற்று. அதன் பணம் முறைகேடாகக் கையாளப்பட்டதை 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் பெரோஸ் காந்தி. அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்ள அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1 அன்று 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது.

எல்.ஐ.சி. பிறந்ததற்கு ஒரு முக்கியமான காரணமே பாரத் இன்சூரன்ஸ். அந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய கட்டடம் எல்.ஐ.சி.யின் சொத்தாக, எல்.ஐ.சி. மாடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கே இந்திய காப்பீட்டு வரலாற்றுக்கு ஒரு கூடம் வைத்தால் அதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இருக்கிறதா? உபயோகமாக ஏதாவது என்று கேட்டீர்களே அண்ணா. இது என் பதில்.

இன்னொன்று. வரைபடம் போட்டவர் ஸ்டீபன்ஸ். செங்கல் அடுக்கியவர்கள் நம் ஊர்க் கொத்தனார்கள், சித்தாள்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த வளைவுகள்தான் அவர்கள் விட்டுப்போன கையெழுத்து.

---

கருப்புக்கோட்டு | 12 மார்ச் 2019, இரவு 8.30

ரவுண்டானா கேட்ட சட்டக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

மத்திய தொல்லியல் துறையின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டும் நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கே பொருந்தும். கோயில், கோட்டை, குடைவரை போன்றவை. கடை, ஆபீஸ், கல்லூரி, வீடு என்று நகரத்துக்குள் புழக்கத்தில் இருக்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வலைக்குள் வராது. பாரத் இன்சூரன்ஸும் வரவில்லை. 2006-இல் இடிப்பதைத் தடுக்க நேரடியான சட்டம் என்று ஒன்று கையில் இல்லை.

அப்போது கைகொடுத்தது எதிர்பாராத ஒரு பட்டியல். சென்னையில் விளம்பர ஹோர்டிங்குகள் சம்பந்தமாக நடந்த வழக்கில், எந்தெந்தக் கட்டடங்களை மறைத்து ஹோர்டிங் வைக்கக்கூடாது என்று பார்க்க, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வரலாற்றுச் சிறப்பும் அழகும் உடையவை என்று பட்டியலிட்டது. பாரத் இன்சூரன்ஸ் அதில் இருந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2010-இல் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்ததும் இதையொட்டித்தான். ஹோர்டிங்குக்காகப் போட்ட பட்டியல் ஒரு நகரத்தின் பழைய கட்டடங்களுக்கே கவசம் ஆனது. எங்கள் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற தீர்ப்புகளில் ஒன்று.

இப்போது குறைக்கு வருவோம். தீர்ப்பு "செய்யாதே" என்ற வகை. இடிக்காதே, மாற்றாதே. "செய்" என்று சொல்ல, எத்தனை நாளுக்குள், யார் செலவில், யார் மேற்பார்வையில் என்பதை எழுதிய சட்டம் வேண்டும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. ஏழு வருஷம் ஆகியும், இந்த 2019 மார்ச் வரை, நடைமுறைக்கு வரவில்லை, ஆணையம் அமையவில்லை. அது அமைந்தால் நீங்கள் தேடுகிற அதிகாரத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும்.

---

சாந்துக்கரணை | 13 மார்ச் 2019, காலை 6.50

வக்கீலம்மா சொன்னதற்குப் பிறகு கட்டுமானப் பக்கத்தை நான் சொல்கிறேன். சிவில் இன்ஜினியர். அப்பா கொத்தனார், செட்டிநாட்டுப் பக்கம் சுண்ணாம்பு வேலை பார்த்தவர்.

பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். தடையுத்தரவு கடப்பாரையை நிறுத்தும், மழையை நிறுத்தாது. எப்படிச் சாகிறது என்று படிப்படியாகச் சொல்கிறேன், அப்போதுதான் எப்படிக் காப்பது என்பதும் புரியும்.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய சின்னச் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்திட்டு அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவது. கடைசியாகத் தட்டை ஓடு பதிப்பார்கள். இந்தக் கூரை நூறு வருஷம் தாங்கும், ஒரே நிபந்தனை: வருஷத்துக்கு ஒருமுறை யாராவது மேலே ஏறிக் குப்பையை அள்ளி, தண்ணீர் போகும் வாயைத் திறந்துவிட வேண்டும்.

ஆள் இல்லாத கட்டடத்தில் அது நடக்காது. இலை சேர்ந்து குழாய் அடைக்கும். தண்ணீர் தேங்கும். தட்டோட்டு இடுக்கில் இறங்கி உத்திரத்தின் நுனி சுவருக்குள் இருக்கிற இடத்தை நனைக்கும். அங்கேதான் மரம் முதலில் உளுக்கும், வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இதற்கிடையே காக்கை எச்சத்தில் விழுந்த அரசம்விதை முளைக்கும். சுண்ணாம்பு மிருதுவானது, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வேருக்கு அது பால் சோறு. வேர் பருக்கப் பருக்கச் சுவர் பிளக்கும். கன்றை மேலோடு வெட்டினால் போதாது, அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும். வேர் பட்டுப்போகும்படி மருந்து வைத்து, காய்ந்தபிறகு பொறுமையாக எடுத்து, பிளந்த இடத்தைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, செங்கலே பொடிப்பொடியாய் உதிரும். நல்லது செய்வதாக நினைத்து சிமெண்ட் பூசிக் கெட்டுப்போன கட்டடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழுப் புனரமைப்புக்குப் பெரும் பணம் ஆகும், காலமும் பிடிக்கும். ஆனால் அதுவரை உயிரைப் பிடித்து வைக்க அவ்வளவு ஆகாது. கூரை திறந்த இடத்தில் தகரப் பந்தல், தண்ணீர்ப் போக்கு, ஆபத்தான வளைவுக்கு முட்டு, மரம் எடுப்பது. நான்கே வேலை.

இன்னொரு முக்கியமான விஷயம். போன வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. புழலும் செம்பரம்பாக்கமும் வற்றிக்கொண்டு இருக்கின்றன, ஊரே தண்ணீருக்கு அலையப் போகிறது. ஆனால் இந்தக் கட்டடத்துக்கு இது கிடைத்தற்கரிய வருஷம். சுவர் காய்ந்திருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் மேலே மூடிவிட்டால் நாலைந்து வருஷம் கூடுதலாகக் கிடைக்கும்.

---

மூர்மார்க்கெட் | 13 மார்ச் 2019, காலை 8.10

அந்தத் தட்டுற சத்தம்! எங்க பாட்டி வீட்டு மாடி போட்டப்போ பத்து நாள் தட்டினாங்க. பாடிக்கிட்டே தட்டுவாங்க. ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி தம்பி.

---

பவழக்காரத் தெரு | 14 மார்ச் 2019, இரவு 11.20

எல்லாரும் சொத்துக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள். உள்ளே இருப்பவன் பேச அனுமதிக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் எங்கள் கொள்ளுத் தாத்தா கட்டிய வீடு. முற்றம், மரத்தூண், மெட்ராஸ் டெரஸ் எல்லாம் உண்டு. இப்போது பங்காளிகள் ஒன்பது பேர். கீழே வாடகைக்கு இருக்கும் கடைகள் தருகிற தொகையில் வருஷத்துக்கு ஒரு வெள்ளை அடிப்புக்குக்கூடக் காணாது. மூன்று வருஷம் முன்பு முற்றத்துப் பக்கச் சுவர் சரிந்தது. பழையபடி கட்டிக்கொள்ள என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். ஒருவர் பட்டியலில் இருக்கலாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். எழுத்தில் யாரும் தரவில்லை. அம்மா அந்த முற்றத்தில்தான் கோலம் போடுவார். ஒரு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம்.

பட்டியல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் தெருவில் பயம். பட்டியலில் வந்தால் விற்க முடியாது, இடிக்க முடியாது, மராமத்துக்குக் காசும் கிடையாது. அதனால் பேர் வரும் முன்பே ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிடுகிறார்கள். நான் இடிக்க மாட்டேன். ஆனால் இடிப்பவன் ஏன் இடிக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

---

கருப்புக்கோட்டு | 15 மார்ச் 2019, காலை 9.45

பவழக்காரத் தெரு ஐயா, நீங்கள் எழுதியதை ஒரு மனுவாகவே தாக்கல் செய்யலாம்.

மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். பட்டியலில் உள்ள கட்டடத்தின் உரிமையாளர் தன் இடத்தில் கூடுதல் மாடி கட்ட முடியாமல் போவதற்கு ஈடாக, அந்தக் கட்டுமான உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ வழி வைத்தார்கள். அதில் குறைகள் உண்டு, ஆனாலும் கொள்கை சரி: ஊருக்காக நீ இழக்கிறாய், ஊர் உனக்குத் திருப்பித் தரும். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் தடை மட்டும் போட்டால், சுமையை முழுக்க உங்கள் ஒன்பது பேர் தலையில் ஏற்றுவதாகத்தான் அர்த்தம்.

ஆனால் எல்.ஐ.சி. நிலைமை வேறு. அது ஒன்பது பங்காளிகள் சேர்ந்து தடுமாறும் குடும்பம் இல்லை. பொதுத்துறை நிறுவனம், நாடு முழுக்கச் சொத்து உடையது. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: கட்டடம் பலவீனம், யார் தலையிலாவது விழுந்தால் பொறுப்பு யார் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலைக்கு மருந்து, சாந்துக்கரணை சொன்ன அந்த நான்கு வேலைகள்.

---

சிந்தாதிரி | 15 மார்ச் 2019, இரவு 7.30

பவழக்காரத் தெரு எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் கேள்வி கொஞ்சம் மாறுகிறது.

அரசுக்கே சொந்தமான கட்டடத்தை அரசே எப்படி நடத்தியது? அரசினர் தோட்டம் என்று மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பேர் வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்த பழைய கவர்னர் மாளிகை, புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக இடிபட்டது. ராஜாஜி ஹால்தான் மிச்சம். அந்தப் புதிய கட்டடமும் பிறகு மருத்துவமனை ஆனது. மருத்துவமனை வந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் போன மாளிகை போனதுதானே. இப்படி இருக்கும்போது, எந்த நம்பிக்கையில் பேசுகிறீர்கள்? பிழைத்த கட்டடம் ஒன்று காட்டுங்கள்.

---

ஏடும் எழுத்தும் | 16 மார்ச் 2019, காலை 11.00

காட்டுகிறேன் அண்ணா. மெரினாவுக்குப் போங்கள், டி.ஜி.பி. அலுவலகத்தைப் பாருங்கள்.

1839-இல் ஃப்ரீமேசன் சங்கத்தாருக்காகக் கட்டியது. 1865-இல் காவல்துறை மாதம் 90 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கியது. 1993-இல் அதை இடித்து அடுக்குமாடி கட்டுவதாக முடிவாகியது. இன்டாக் நீதிமன்றம் போனது, அரசு பின்வாங்கியது. முக்கியமானது அதற்குப் பின் நடந்தது: காவல்துறையே அதைச் சீர்செய்து அங்கேயே குடியிருந்தது. வெள்ளைத் தூண்களோடு அது இன்று கடற்கரைக்கே ஒரு கம்பீரம். காவல்துறை அதிகாரிகளே அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள்.

அடுத்து சேப்பாக்கம் கலச மகால். 2012 ஜனவரித் தீ விபத்தில் கூரை விழுந்து வெறும் சுவராக நின்றது. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரை விட்டார். 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டிய அரண்மனையின் பகுதி அது. எரிந்த கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது, அதுவும் நீதிமன்றப் படி ஏறியது. பிறகு பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையில் எழுப்பியது. கூரையே இல்லாமல் நின்றதை நிமிர்த்த முடிந்த ஊரில், பாரத் இன்சூரன்ஸை முடியாதா?

இரண்டிலும் ஒன்று பொது. சொத்தை வைத்திருந்தவர்கள் மனம் மாறினார்கள்.

---

சாந்துக்கரணை | 16 மார்ச் 2019, மாலை 4.40

கலச மகால் வேலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் ஊரில் அருகிவிட்டார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை, மீதிப்பேர் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார்கள். கூலி அங்கேதான் ஒழுங்காக வருகிறது, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய வேலை நடந்தால் பத்து இளைஞர்கள் கைவேலை கற்றுக்கொள்வார்கள். சேப்பாக்கத்தில் கற்றவர்களை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பவில்லை என்றால் அந்தக் கையும் போய்விடும். மவுண்ட் ரோடு வேலையைச் சீக்கிரம் தொடங்கு என்று நான் கெஞ்சுவதற்கு இது பாதிக் காரணம்.

---

ரவுண்டானா | 17 மார்ச் 2019, காலை 10.15

இத்தனை பேர் இவ்வளவு மனதோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, நாம் என்ன செய்ய முடியும்? கையெழுத்து இயக்கம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வேறு வழி?

---

கருப்புக்கோட்டு | 17 மார்ச் 2019, மதியம் 12.30

தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு விண்ணப்பம் போடுவோம்.

எல்.ஐ.சி.க்கு: 2010 தீர்ப்புக்குப் பிறகு இந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கு ஆண்டுவாரியாகச் செலவிட்ட தொகை எவ்வளவு? கட்டமைப்பு உறுதி ஆய்வு நடந்திருந்தால் அதன் நகல். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்க எடுத்த நடவடிக்கை என்ன?

சி.எம்.டி.ஏ.வுக்கு: பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இந்தக் கட்டடம் பற்றிப் பேசிய கூட்டக் குறிப்புகளின் நகல். குழு கடைசியாக நேரில் போய்ப் பார்த்த தேதி.

கேள்வி ஒவ்வொன்றும் ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், விளக்கம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். பவழக்காரத் தெரு ஐயா, உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதையும் இதே வழியில் எழுத்தில் வாங்கிவிடலாம். நான் எழுதித் தருகிறேன்.

---

பவழக்காரத் தெரு | 17 மார்ச் 2019, இரவு 9.05

மிக்க நன்றி அம்மா. விவரங்களைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். முற்றத்துக்கு வந்து ஒரு காபி சாப்பிட்டுப் போங்கள், எல்லாரும்தான்.

---

மூர்மார்க்கெட் | 21 ஏப்ரல் 2019, காலை 7.00

நேத்து எஸ். முத்தையா சார் காலமாயிட்டாரு. 89 வயசு. இந்த ஊரோட பழைய கட்டடங்களைப் பத்தி நாம இன்னிக்குப் பேசுறோம்னா பாதி அவர் போட்ட விதை. 1991-லேர்ந்து பத்திரிகை நடத்தி, ஒவ்வொரு கட்டடத்துக்கா மன்றாடினவரு. பாரத் இன்சூரன்ஸுக்காக எத்தனை தடவை எழுதியிருப்பாரு. அது நிமிர்றதைப் பாக்காமலே போயிட்டாரு.

எனக்கு எழுபது ஆகப்போகுது. நான் பாத்துட்டுப் போகணும்.

---

சிந்தாதிரி | 21 ஏப்ரல் 2019, காலை 8.20

ஐயா, அடுத்த ஞாயிறு காலை நான் வண்டியோடு வருகிறேன். உங்களைக் கூட்டிப் போய் எதிரே நிறுத்தி, நீங்கள் நினைவில் வைத்திருப்பதையெல்லாம் பதிவு செய்துகொள்கிறேன். எந்த மாடியில் யார் இருந்தார்கள், படி எங்கே, அப்பா உட்கார்ந்த ஜன்னல் எது, எல்லாம். தறிக்காரர் வீடுகளுக்கு இதைச் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. இதற்காவது செய்வோம்.

---

ரவுண்டானா | 28 ஏப்ரல் 2019, மதியம் 1.40

இன்று காலை ஆறரைக்குக் கூடினோம், வெயில் ஏறும் முன்பு. எட்டுப் பேர். சாந்துக்கரணை தன் அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். உள்ளே போக முடியாது, எதிர் பிளாட்பாரத்தில் இருந்துதான் எல்லாம்.

மூர்மார்க்கெட் ஐயா மேல் மாடியில் இடமிருந்து எண்ணி ஒரு ஜன்னலைக் காட்டினார். அந்த ஜன்னலுக்கு மரச்சட்டம் இல்லை, ஆனால் வளைவு முழுசாக இருக்கிறது. சிந்தாதிரி நாற்பது நிமிடம் பதிவு செய்திருக்கிறார், எழுத்தில் கொண்டுவந்து இங்கே போடுவார்.

சாந்துக்கரணையின் அப்பா வெகு நேரம் பேசவில்லை. கையை நெற்றியில் மறைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "வளைவுல சாவிக்கல்லு நழுவல. நல்லாக் கட்டியிருக்கான். அந்த மூலைத் தண்ணிக் குழாயை மொதல்ல திறக்கச் சொல்லு, மத்ததெல்லாம் அப்பறம்."

அந்த மூலையை வட்டம் போட்டுக் காட்டிய படத்தை ஒரு கடிதத்தில் வைத்து எல்.ஐ.சி.க்கு அனுப்புகிறோம், தகவல் உரிமை விண்ணப்பத்தோடு. நாளை பதிவுத் தபாலில் போகும். இனி மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுப்போம். அடுத்தது மே 19, ஞாயிறு, காலை ஆறரை.